பேங்க் போனது, மெஷின் நிற்கவில்லை

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் பசியாறிக்கொண்டிருந்தேன். புஷ்பாவிடமிருந்து போன். பண்டமாரானில் இருக்கும் என் சித்தப்பா மகள்.

"அண்ணே, சென்டரை மூடப் போறாங்களாம்…"

உடனே அவள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவள் கணவர் ராஜேந்திரன் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. கிள்ளானில் உள்ள ஒரு சென்டரில்தான் டயாலிசிஸ். கட்டணம் மிகக் குறைவு — நடத்துவது ஓர் அறக்கட்டளை. நம் தொழிலாளர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போட்ட சேமிப்பு பேங்க் ஒன்று கம்பெனியாக மாறியபோது, தர்மத்துக்கென்று ஒதுக்கிய பங்குகளில் பிறந்தது அது.

அந்த பேங்கைத்தான் இப்போது ஒரு பெரிய பேங்க் வாங்கிவிட்டது. தாய் போனால் பிள்ளை என்னாகும்? தனியார் கட்டணம் ராஜேந்திரனுக்குக் கட்டுப்படியாகாது. டயாலிசிஸை நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து.

நேரில் கேட்டுவிடலாம் என்று மூவரும் கிளம்பினோம். காரில் வாய் ஓயாத ராஜேந்திரன்கூட ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சென்டர் நிர்வாகி ஸ்டெல்லா எங்கள் முகத்தைப் பார்த்ததுமே உட்காரச் சொன்னார். காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் இதே பதில்தானாம்.

"பேங்க் வேற, நாங்க வேற லா அக்கா. மெஷின் நிக்காது. அண்ணன் எப்பவும் போல வரட்டும்."

எப்படி? அறங்காவலர்கள் அந்த பேங்கின் பங்குகளில் பெரும்பகுதியை எப்போதோ விற்றுவிட்டார்களாம். அந்தப் பணத்தில் சுங்கை பூலோவில் கடைவீடுகள் வாங்கினார்கள். மீதியை அரசாங்கப் பத்திரங்களில் போட்டார்கள். வாடகையும் வட்டியும் மெஷினை ஓட்டுகின்றன. 'நம்ம பேங்க் பங்கை நாமே விற்பதா, துரோகம்' என்று அன்றைக்குக் கூட்டத்தில் வாங்கிக்கட்டிக்கொண்டார்களாம்.

நமக்கு இது ஒரு பழக்கம். பாசம் வைத்த இடத்திலேயே பணத்தையும் வைப்போம். அதற்கு விசுவாசம் என்று பெயர் வேறு! அந்த அறங்காவலர்கள் பாசத்தை பேங்கின் மேல் வைக்கவில்லை — நாற்காலியில் ஊசி குத்திக்கொண்டு படுத்திருப்பவர்கள் மேல் வைத்தார்கள்.

புஷ்பா ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் இறங்கினோம். ராஜேந்திரன் தெம்பாக, "மச்சான், எனக்கு இன்னொரு தே தாரேக் சொல்லுங்க" என்றார்.

டாக்டர் தண்ணீரையே அளந்து குடிக்கச் சொல்லியிருக்கிறார். புஷ்பா பிடித்தாள் பாருங்கள் ஒரு பிடி… பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

புருஷனைத் திட்டும் அளவுக்கு மனசு லேசாகிவிட்டதென்றால், அந்த வீடு பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம்.