சித்தப்பாவின் செட்டு

ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் போனில், "எல்லாம் செட் ஆயிருச்சுக்கா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் விருந்தாளிக்கு மட்டும் இறக்கும் கோப்பைகள் செட்டு. தீபாவளிப் பாவாடை சட்டை செட்டு. அண்ணனோடு ஊர் சுற்றியவர்களும் ஒரு செட்டு. ஆனால் வெறுமனே செட்டு என்றால் சித்தப்பாவின் ஒலிபெருக்கிதான். அது பாடினால் யார் வீட்டிலோ விசேஷம் என்று மலை முழுக்கத் தெரிந்துவிடும்.

அக்காவைப் பெண் பார்த்துப் போன எதிர்மலைக்காரர்கள் பதிலே சொல்லாதிருந்த சமயம். ஒரு ஞாயிறு காலை, பழுது பார்த்த செட்டைச் சித்தப்பா எங்கள் வாசலில் வைத்து, வீட்டுக்குள்ளிருந்து நீட்டப்பட்ட கேசட்டைப் போட்டார். கல்யாண நாதஸ்வரம் முழங்கியது.

மத்தியானத்துக்குள் மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலைத் தட்டோடு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லாம வேற எடத்துல முடிச்சிட்டீங்களா?"

"இல்லீங்க, செட்டு வேல செய்யுதான்னு..." என்று ஆரம்பித்த சித்தப்பாவின் காலை அப்பா மிதித்தார். கோப்பை செட்டு இறங்கியது. அன்றைக்கே கல்யாணம் முடிவானது.

பஸ்ஸிலிருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அன்னைக்கு அந்தக் கேசட்ட எடுத்துக் குடுத்தது நீதானே?"

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசுடி. ஒங்க மச்சான் பக்கத்துலதான் இருக்காரு."