ஏலக்காரரின் பழைய கோணல்

அந்த ஊரில் பாதிப் பேர் மென்று தின்பது தாடை டாக்டரின் புண்ணியத்தில்தான். பாதி என்பது கொஞ்சம் அதிகம். சொல்கிற வாய்க்கு ஒரு சுற்று கூடத்தான் வரும். ஆனால் அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றால் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, சௌக்கியமா என்றுகூடக் கேட்காமல் ஆவென்று வாயைத் திறந்து காட்டுவது நிஜம். காய்கறிப் பையும் கையுமாக, வந்த பஸ்ஸைப் போகவிட்டு, அவளும் குனிந்து பார்ப்பாள்.

அரசு ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் அவளுடைய பிரிவு. அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்; ஊரிலுள்ள கட்டடங்களையெல்லாம் ஏற்றி இறக்குகிற மனுஷன். அந்த ஆஸ்பத்திரியின் ஓடாத லிஃப்ட் மட்டும் அவருடைய கம்பெனிக் கணக்கில் இல்லை. ஆகவே அவர் பெண்டாட்டி படியேறித்தான் போவாள். ஏறும்போதே அவளுக்குத் தெரியும்: மேலே பெஞ்சில் வீங்கிய முகங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பைக்கிலிருந்து விழுந்தவன், மைத்துனனிடம் குத்து வாங்கியவன், குளியலறையில் வழுக்கியதாகச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்கிற மனைவி. வந்தவர்களை அனுப்பி முடிப்பதற்குள் அடுத்த வரிசை உட்கார்ந்துவிடும். தூக்கத்தில் அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் ஜல்லி உடைக்கிற மிஷின் மாதிரி இருக்கிறதென்று கணவர் கேலி செய்வார்.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தாடை உடைந்தால் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, எலும்பு கூடும்வரை வாயைப் பூட்டிவிடுவார்கள். வாரக்கணக்கில் குழாய் வைத்து உறிஞ்சிக் குடித்தே உயிர் வளர்க்க வேண்டும். வாந்தி வந்தால் மூச்சடைத்துவிடுமே என்று தலைமாட்டில் கம்பி வெட்டும் குறடு ஒன்று தொங்கும். ஆள் பாதியாய் இளைத்து வீடு போவான். இதற்குப் பதிலாக உடைந்த இடத்தில் சின்ன டைட்டானியத் தகட்டை வைத்துத் திருகாணியால் முடுக்கிவிட்டால் சீக்கிரமே வாயைத் திறக்கலாம், மெத்தென்றதைச் சாப்பிடலாம். இதற்காக அவள் துறைத்தலைவரோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினாள். அவர் கம்பிக் காலத்து ஆள். தகடு மன்னிக்காதம்மா என்பார். கம்பி கட்டினால் பல் தன் இடத்தைத் தானே கொஞ்சம் தேடிக்கொள்ளும். தகட்டைக் கோணலாக முடுக்கினால் கோணல் அப்படியே நிலைத்துவிடும் என்பது அவர் கட்சி. கடைசியில் அரை மனதாகச் சம்மதித்தார்.

அப்படி இருக்கும்போதுதான் மார்க்கெட் ஏலக்காரர் வந்தார். லாரியிலிருந்து தக்காளிப் பெட்டி சரிந்து முகத்தில் விழுந்து, முகவாயிலும் காதுக்குக் கீழேயும் தாடை உடைந்திருந்தது. குரலை வைத்துப் பிழைக்கிற மனுஷர். வாய் பூட்டிக் கிடந்தால் அவருடைய இடத்தில் வேறொருவன் நின்றுவிடுவான்.

வழக்கமாக அவள் அறுவைக்கு முன் பல்லுக்கு அச்செடுத்து, பாரிஸ் சாந்தில் வார்த்து, உடைந்த இடத்தில் அந்த வார்ப்பை அறுத்து, மறுபடி பொருத்திப் பார்ப்பாள். அன்று வெளியே வரிசை நீண்டிருந்தது. அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இவ்வளவு தாடை பார்த்தாயிற்று, கண்ணே போதும் என்று விட்டுவிட்டாள். அறுவை மேசையில் பற்களை அழகாக நேர்ப்படுத்தி, தகடு வைத்து முடுக்கினாள். எக்ஸ்ரே பாடப்புத்தகத்துப் படம் மாதிரி வந்தது. துறைத்தலைவரே இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார்.

ஏலக்காரர் திரும்பி வந்தபோது, பல் சேரவில்லை, காதோரம் குத்துகிறது, பேச்சு குழறுகிறது என்றார். அவள் பார்த்தாள். பற்கள் அணிவகுப்பு மாதிரி சேர்ந்திருந்தன. பழகிவிடும் என்று அனுப்பினாள். அடுத்த முறையும் அதையேதான் சொன்னாள். அதற்கடுத்த முறை அவர் ஒன்றுமே சொல்லாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மௌனம்தான் அவளை அச்செடுக்க வைத்தது.

சாந்து காய்ந்ததும் வார்ப்பைக் கையில் வைத்துத் திருப்பினாள். வலப்பக்கத்துக் கீழ்ப்பற்கள் உட்பக்கம் சரிவாகத் தேய்ந்திருந்தன, பல வருஷத்துத் தேய்மானம். அதன் ஜோடித் தேய்மானம் மேல்பல்லின் வெளிப்பக்கத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடவேயில்லை. கீழ்ப்பாதியைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. ஏலக்காரர் எப்போதுமே கோணலாகக் கடிக்கிறவர். எலும்பும் மூட்டும் தசையும் அந்தக் கோணலுக்குப் பழகியவை. அதைப் போய் அவள் நேராக்கி வைத்திருக்கிறாள்.

துறைத்தலைவர் வார்ப்பைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இடிக்கிற பல்லைக் கொஞ்சம் தேய்ச்சுவிட்டு அனுப்பிடும்மா. திரும்பத் திறந்தா ஊர் பூரா தகடுமேல பழி சொல்லும். அப்புறம் நீயே கேட்டாலும் தகடு வாங்க எவனும் கையெழுத்துப் போட மாட்டான்."

பயமுறுத்தவில்லை. நடக்கப்போவதைத்தான் சொன்னார். வீட்டில் அவள் சாப்பிடாமல் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "திரும்பச் செய்யணும்னு நீ முடிவு பண்ணி ரொம்ப நேரமாச்சு. மூஞ்சியிலயே தெரியுது. ஆறிப் போகுது, சாப்பிடு" என்றார்.

மறுநாள் ஏலக்காரரையும் அவர் மனைவியையும் எதிரே உட்கார வைத்து, வார்ப்பைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். எலும்பு பாதி கூடிவிட்டது, மறுபடி பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்றாள்.

மனைவிக்கு முகம் இறுகிவிட்டது. "பழகிடும்னு சொன்னீங்களே?"

"சொன்னேம்மா. தப்பாச் சொல்லிட்டேன்."

ஏலக்காரர் வார்ப்பை வாங்கி, முற்றின கத்தரிக்காயைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குழறலாகச் சொன்னார்: "ஒரு தரம் ஆச்சு டாக்டரம்மா. ரெண்டாவது தரம், சரி. மூணு தரம்னு மட்டும் சொல்ல வெச்சுடாதீங்க. அதுக்கப்புறம் சரக்கு என்னுது இல்ல."

இந்தத் தடவை அவள் வெளி வரிசையைக் காத்திருக்க வைத்தாள். புது எலும்பை இழைத்து எடுத்து, தகட்டைக் கழற்றி, தேய்மானம் தேய்மானத்தோடு உட்காரும்வரை பொறுத்திருந்து முடுக்கினாள். முகவாயருகே உதட்டுக்கு உணர்வு கொண்டுபோகிற நரம்பு குறுக்கே கிடந்தது. அதை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வேலை நடந்தது. எழுந்தபோது நிமிர முடியவில்லை. கோணலாக வந்த எக்ஸ்ரேயை யாரும் இரண்டாம் தடவை வாங்கிப் பார்க்கவில்லை.

ஏலக்காரர் மார்க்கெட்டுக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் மனைவியோடு காட்டிக்கொள்ள வந்தார். துறைத்தலைவரும் இருந்தார். காய்ந்த ரொட்டியை மென்று காட்டினார்; வலியில்லை. விலை கூவிக் காட்டச் சொன்னதும் அவர் கூவிய கூவலில் வராந்தாவில் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். தாடை டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, துறைத்தலைவர் பக்கம் திரும்பினாள்.

"முழுசாச் சரியாயிடுச்சு சார்."

"முழுசா இல்லீங்க ஐயா" என்றாள் ஏலக்காரரின் மனைவி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. "உதட்டுல டீ வழியறது இவருக்குத் தெரியறதில்ல. நான்தான் தொடச்சு விடறேன்."