தொதலில் ஊற்றிய நெய்

என் தங்கையின் கணவரை நான் ஒருமுறை சாவின் வாசல்வரை கொண்டுபோனேன். அந்தப் பழி என் மனைவி மேல் விழுந்தது. விழட்டும் என்று விட்டேன். ஏறக்குறைய இருபது வருடம் விட்டேன்.

அப்போது இலங்கை மலைநாட்டில் எங்கள் பதுளைக்கு ரயில் வரவில்லை. கடைத்தெருவில் எங்களுக்கு ஜவுளிக்கடை. அப்பா போன பிறகு வீட்டுக்குப் பெரியவன் நான்தான். தங்கையைக் கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். தலைத் தீபாவளிக்கு இருவரும் வருவதாகத் தங்கை கடிதம் எழுதினாள். அதில் நாலு வரி எனக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பால், தயிர், மோர், நெய் எதுவும் ஆகாது, ஒரு சொட்டு பட்டாலும் உடம்பு தடித்து மூச்சு முட்டும், மதினியிடம் சொல்லித் தேங்காய்ப்பாலிலும் தேங்காயெண்ணெயிலும் பலகாரம் செய்யச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள்.

என் மனைவி கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு கணக்குப் போட ஆரம்பித்தாள். அதிரசத்தைத் தேங்காயெண்ணெயில் சுடலாம். எள்ளுருண்டைக்கு நெய்யே வேண்டாம். பாசிப்பருப்புப் பாயசத்துக்கு முதல் பால் பிழிந்து கடைசியில் விட்டால் பசும்பாலை யாரும் தேடமாட்டார்கள். பொரிவிளங்காய் உருண்டைக்குக் கை சூடும் வெல்லப்பாகும் போதும். அல்வாவுக்குத்தான் வழி தெரியவில்லை. அடுத்த கடை முஸ்லிம் வீட்டு அம்மாளிடம் போய்த் தொதல் கிண்டக் கற்றுக்கொண்டு வந்தாள். அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, கித்துள் பனையின் கருப்பட்டி போட்டு, தேங்காயின் எண்ணெய் தானாகக் கக்கி வரும்வரை கிண்ட வேண்டும். தோள் வலிக்க வலிக்க ஒரு முழுப் பகல் கிண்டினாள்.

என் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"தலைக்குத் தேய்க்கிற எண்ணெயில பலகாரமா? நல்லதுதான்டா. மாப்பிள்ளைக்கு வயித்துக்குள்ள முடி மொளைக்கும்."

"அவருக்கு நெய் ஆகாதாம் சித்தப்பா."

"ஆகாதுன்னு யார் சொன்னா? ஒன் தங்கச்சி சொன்னா. புருஷன் வீட்டுல நெய் வாங்க வக்கில்லைன்னு மறைக்கிறாளோ என்னமோ. நாளைக்கு ஊரு ஒன்னைத்தான் கேக்கும். தலைத் தீபாவளிக்கு வந்தவருக்கு நெய் வாசனைகூடக் காட்டலையான்னு."

நான் படித்தவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவன். படிப்பு எனக்கு அன்று என்ன சொல்லிக் கொடுத்தது என்றால், நெய்யை உருக்கிய பிறகு அதில் பால் ஏது என்று. அவ்வளவுதான் என் யோசனை.

தீபாவளியன்று காலை. மனைவி எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போயிருந்தாள். தொதல் கிண்டிய உருளி அடுப்பின் கங்கின் மேல் இருந்தது. நான் இரண்டு கரண்டி நெய்யை ஊற்றிக் கிளறினேன். நெய்ப் பாத்திரத்தின் அடியில் இருந்த கசண்டும் சேர்ந்து விழுந்தது. சொந்தக்காரர் வீடுகளிலிருந்து நெய்ப் பலகாரத் தட்டுகள் வந்து இறங்கிக்கொண்டிருந்ததால் வாசனை தனியாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது. மனசு நிறைந்தது.

கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, தொதலில் ஒரு துண்டை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தேன். வாயில் போட்டவர் ஒரு கணம் மெல்லாமல் இருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விழுங்கினார்.

"எப்படி மாப்பிள்ளை?"

"நல்லா இருக்கு மச்சான்."

"அப்ப இன்னொன்னு."

அதையும் வாங்கிச் சாப்பிட்டார்.

வெற்றிலைத் தட்டு வருவதற்குள் அவர் உதடு தடித்தது. கழுத்தெல்லாம் சிவந்து திட்டுத் திட்டாக எழும்பியது. கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. மூச்சு உள்ளே போகும்போது துருத்தி மாதிரி ஒரு சத்தம். தங்கை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழக்கூட இல்லை. என் மனைவியைப் பார்த்து, "மதினி, நெய் பட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"சத்தியமா இல்லம்மா," என்றாள் என் மனைவி. பிறகு அவளே யோசித்து, மெதுவாக, "போன மாசம் அந்த உருளியிலதான் நெய் காய்ச்சினேன். சாம்பல் போட்டு நல்லாத்தான் தேச்சேன்," என்றாள்.

எனக்கு ஒரு கதவு திறந்தது. நான் அதில் நுழைந்தேன். "ஒழுங்காத் தேச்சிருந்தா இப்படி ஆகுமா?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அந்தச் சத்தத்தை இன்றும் என் காதால் கேட்கிறேன். இப்படி ஒரு வார்த்தை என் வாயில் தயாராக இருந்தது என்பதே எனக்கு அதிர்ச்சி.

டாக்டர் வந்து மருந்து கொடுத்தார். மத்தியானத்துக்கு மேல் மூச்சு ஒழுங்குக்கு வந்தது. அதற்குள் மிச்சத் தொதலை நானே கொண்டுபோய் ஓடையில் கொட்டிவிட்டேன்.

அதன் பிறகு என் மனைவி பிறர் வாயில் வைக்கும் இனிப்பு எதையும் செய்யவில்லை. தங்கை குடும்பம் வரும்போதெல்லாம் சமையலுக்கு ஆள் வைக்கச் சொல்வாள். "என் கை வேணாங்க," என்பாள். மாப்பிள்ளை சாப்பிட்டு எழும்வரை கதவோரம் நின்று அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் தங்கையும் அவரும் வந்திருந்தார்கள். பகலில் கடைக்குப் பின்னால் தங்கையும் நானும் தனியாக இருந்தபோது சொல்லிவிட்டேன். நெய் ஊற்றியது நான்தான் என்றேன்.

அவள் திடுக்கிடவில்லை. "தெரியும்ணே," என்றாள்.

"எப்ப?"

"அன்னைக்கே. நாக்குல வச்சதுமே நெய்யின்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சாம். நீங்க கையால எடுத்துக் குடுத்தது, சபையில துப்பினா மச்சான் மூஞ்சி என்னாகும்னு முழுங்கிட்டாராம். மதினி ஊத்தமாட்டாங்க, அப்ப நீங்கதான்னு புரிஞ்சிருச்சு."

"ரெண்டாவது?"

"நீங்கதானே இன்னொன்னுன்னு நீட்டினீங்க."

"அப்படின்னா ஒன் மதினி மேல பழி விழுந்தப்ப ஏன் யாரும் வாயத் திறக்கல?" என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை.

"ஒங்களக் காப்பாத்தத்தான் மதினி உருளி மேல பழியப் போட்டாங்கன்னு நெனச்சோம். நாங்க பேசினா அவுங்க செஞ்சது வீணாப் போயிருமேன்னு இருந்துட்டோம்."

"அவளுக்குத் தெரியாது," என்றேன்.

தங்கை அப்போதுதான் திடுக்கிட்டாள். "என்னண்ணே சொல்றீங்க? இத்தனை வருஷமாவா?" என்றாள். பிறகு, "நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

முற்றத்தில் மனைவி மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். அவள் மிளகாயைப் பரப்புவதை நிறுத்தவில்லை. முடித்த பிறகு, "எவ்வளவு ஊத்தினீங்க?" என்றாள்.

"ரெண்டு கரண்டி."

"நான் குளிக்கப் போனப்பவா?"

"ஆமா."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கையைக்கூடக் கழுவாமல் என்னைத் தாண்டி உள்ளே போனாள். மாப்பிள்ளை படுத்திருந்த அறை வாசலில் நின்று, "தம்பி, அன்னைக்கு நான் செய்யல தம்பி. என் கையால ஆகல," என்றாள்.

அவர் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. "மொதல்ல உக்காருங்கக்கா," என்றார்.

அந்த அறைக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. இன்றுவரை அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதும் இல்லை.