ஓர் ஊர், இரண்டு ஸ்டாப்பிங்

மாணவர்களுக்கு வரலாற்றுப் போட்டி என்று மாவட்டத்திலிருந்து சுற்றறிக்கை வந்தால் முதலில் மகிழ்கிறவர் திண்டிவனத்து ஸ்டேஷனரிக் கடைக்காரர். தெர்மாகோலும் ஜிகினாத் தூளும் அன்றைக்கே முன்வரிசைக்கு வந்துவிடும். எங்கள் பள்ளியில் ஒரு வருஷம் செஞ்சிக் கோட்டை, மறு வருஷம் தஞ்சைப் பெரிய கோயில். அலுத்துப்போனால் மண்டகப்பட்டுக் குகை. குகைக்குச் செலவு குறைவு. நடுவில் ஓட்டை போட்டு இரண்டு பக்கமும் மீசைக்கார வாயிற்காவலர்களை நிறுத்தினால் பல்லவர் காலம் முடிந்தது.

நான் ஒலக்கூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியை. திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வருகிறேன். இந்த முறை போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இருவர். ஒருத்தி ஊர்த்தெருக்காரி, வாய் ஓயாமல் பேசுவாள். இன்னொருத்தி காலனியிலிருந்து வருகிறவள், அட்டெண்டன்ஸுக்கு “உள்ளேன் மிஸ்” சொல்வதோடு அன்றைய பேச்சு முடிந்தது என்று நினைப்பவள். ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ்.

“கோட்ட வேணாம் மிஸ்” என்றாள் பேசுகிறவள். “போன வருஷத்துக் கோட்ட மேல பஸ்ல ஒரு அண்ணன் ஒக்காந்துட்டாரு. எதிரி வர்றதுக்கு முன்னாடியே வுழுந்துடிச்சி.”

“அப்ப தினமும் கண்ல படற எதையாவது எடுங்க. ஆனா அது ஏன் அப்படி இருக்குன்னு யாரும் எழுதி வெச்சிருக்கக் கூடாது” என்றேன். இரண்டு நாளைக்கு என்னைத் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன்.

பேசாதவள் அங்கேயே கேட்டாள். “நம்ம ஊருக்கு ஏன் மிஸ் ரெண்டு ஸ்டாப்பிங்கு?”

நியாயமான கேள்வி. ஊர் முகப்பில் நிழற்குடையோடு ஒரு ஸ்டாப்பிங். நான் அங்கே இறங்கிக் குடையை விரிப்பதற்குள் பஸ் காலனி முனையில் மறுபடி நின்றிருக்கும். இங்கே தும்மினால் அங்கே நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார். இத்தனை வருஷமாக இறங்குகிறேன், எனக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரே ஒரு விதி போட்டேன். யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் அதில் சம்பந்தமே இல்லாத இன்னொருவரும் அதையே சொன்னால்தான் நம்ப வேண்டும்.

சனிக்கிழமை மூவரும் கிளம்பினோம். நிழற்குடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவருக்குச் சந்தேகமே இல்லை.

“அந்தக் காலத்து பஸ்ஸுக்கு பிரேக்கு புடிக்காதும்மா. இங்க மிதிச்சா அங்க போய் நிக்கும். அப்டியே ஸ்டாப்பிங் ஆயிப் போச்சி.”

“தினமும் கரெக்டா அதே எடத்துலயாண்ணா நிக்கும்?” என்றாள் பேசுகிறவள். அவர் டீ ஆற்றுவதில் மும்முரமாகிவிட்டார்.

அடுத்து அவளுடைய பெரியப்பா. மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தவர் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு ஒரு பேட்டிக்கே உட்கார்ந்தார். காலனி முனையில் அவர்களுடைய பம்புசெட்டு இருந்ததாம். பஸ் சூடாகிவிடும், அவருடைய அப்பாதான் தண்ணீர் கொடுப்பாராம். “தருமம் பண்ண குடும்பம். அத நல்லா பெருசா எழுதிக்கோ” என்று என்னிடமே சொன்னார்.

மாவு மில்லில் கிடைத்தது இன்னும் ருசி. கண்டக்டருக்கு அந்த முனையில் ஒரு பெண்மேல் ஆசையாம், அவள் ஏறுவதற்காகவே விசில் ஊதுவாராம். மில்லில் வரிசையில் நின்ற எல்லோருக்கும் இந்தக் கதை தெரிந்திருந்தது. பெண் யார் என்பதில் மட்டும் ஆளுக்கொரு அபிப்பிராயம்.

அந்தக் கண்டக்டர் ஓய்வுபெற்றுத் திண்டிவனத்தில்தான் இருக்கிறார் என்று தெரிந்ததும் மறுவாரம் போய்க் கதவைத் தட்டினோம். பேசுகிறவள் சுற்றிவளைக்காமல் காதல் கதையைக் கேட்டேவிட்டாள். அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது.

“யார்ரா சொன்னது?” என்று பதறினார். “என் வீட்டுக்காரி பொம்மையார்பாளையம்மா! உங்க ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது. பேஜாரு பண்ணாத!” குரலை அடுப்பங்கரைக்கும் சேர்த்தே உயர்த்தினார். பிறகு சாய்ந்து உட்கார்ந்தார். “அது பொம்பளைங்க ரோட்டுல ஒக்காந்து வாங்கன ஸ்டாப்பிங். காலனி பொம்பளைங்க. நான் வண்டிக்குள்ள இருந்தன். டிரைவரு ஹாரன் மேலயே கைய வெச்சிக்கினு இருந்தாரு. ஒருத்தி எழுந்திரிக்கல.”

பெண்களை ஊரில் விடப் போகும்போது பஸ்ஸில் பேசாதவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். “எங்கம்மாவும் ஒக்காந்தாங்க மிஸ்.”

“அடிப்பாவி! மொதல்லயே சொல்லியிருந்தா மாவு மில்லுல போய் நின்னிருப்பமா?” என்றேன்.

“நீங்கதான மிஸ் சம்பந்தம் இல்லாத ஆளும் சொல்லணும்னீங்க? அதான் யாராச்சும் சொல்ற வரைக்கும் இருந்தேன்.”

என் விதி என் தலையிலேயே இவ்வளவு அழகாக விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவளுடைய அம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னார். பஸ் ஊர் முகப்பில் மட்டும்தான் நிற்குமாம். அங்கே நிழல் இருந்தது, உட்காரத் திண்டு இருந்தது. காலனிக்காரர்கள் மட்டும் உட்காரக் கூடாது. தள்ளி வெயிலில் நிற்க வேண்டும், கடைசியாக ஏற வேண்டும்.

“மாசமா இருந்த பொண்ணு ஒருத்தி கெறக்கமா வருதுன்னு திண்டுல ஒக்காந்துட்டா. எழுந்துரு எழுந்துருன்னு கத்தனாங்க. மறுநாளு களை வெட்டிட்டு வந்த கையோட எங்க முனையில ரோட்டுல ஒக்காந்துட்டோம். ஒக்காரக் கூடாதுன்றீங்களா, இந்தா இங்க ஒக்கார்றோம்னு. ஹாரன் அடிச்சாங்க. அடிக்க அடிக்க எங்களுக்கு சிரிப்பு. தெனமும் ஒக்காந்தோம். அப்புறம் பஸ்ஸு தானா நின்னுச்சி.”

பேசுகிறவள் நோட்டைப் புரட்டிப் பெரியப்பாவின் பக்கத்தில் நிறுத்தினாள். பிறகு தோழியிடம் மெதுவாகக் கேட்டாள். “எங்க பெரியப்பா சொன்னத இன்னாடி பண்றது? அடிச்சிடலாமா?”

“அதையும் போடு. யாரு இன்னா சொன்னாங்களோ அத்தனையும் போடணும்.”

சார்ட்டில் நான்கு கட்டங்கள். பிரேக், பம்புசெட்டு, காதல், மறியல். ஒவ்வொன்றுக்கும் கீழே சொன்னவர் யார், வேறு யார் ஒத்துக்கொண்டார், அதில் எது இடிக்கிறது என்று எழுதினார்கள். தலைமையாசிரியர் பார்த்தார், வியர்த்தார்.

“டீச்சர், மூணு காரணம் நல்லாத்தான இருக்கு? நாலாவது எதுக்கு?”

“அதுதான் சார் உண்மை.”

“உண்மைன்னா சின்ன எழுத்துல போடச் சொல்லுங்க.”

சின்ன எழுத்தில் போட இடம் இல்லை என்று பெண்கள் பெரிய எழுத்தில் போட்டுவிட்டார்கள்.

விழுப்புரத்தில் போட்டி நடந்த மண்டபத்தில் நான் எண்ணாமல் விட்ட அளவுக்குச் செஞ்சிக் கோட்டைகள். ஒன்றில் சீரியல் பல்பு எரிந்தது, அகழியில் உயிருள்ள மீன் நீந்தியது. எங்களிடம் ஒரு சார்ட்டும் இரண்டு பெண்களும் மட்டும். நடுவர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். அதுவரை கோட்டைகளைத் தாண்டி வந்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது.

“அம்மா சொன்னாங்கன்னா அது ஆதாரமாம்மா?”

பேசுகிறவள் தோழிக்குப் பின்னால் நகர்ந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. பேசாதவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

“அம்மா சொன்னது மட்டும் பத்தாதுங்க ஐயா. கண்டக்டரும் சொன்னாரு. அன்னிக்கி அவரு பஸ்ஸுக்கு உள்ள இருந்தாரு, எங்கம்மா பஸ்ஸுக்கு முன்னாடி இருந்தாங்க. ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொல்றாங்க.”

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சார்ட்டை முழுக்கப் படித்தார். காதல் கட்டத்தில் சிரித்தார். நான்காவதில் சிரிக்கவில்லை.

முதல் பரிசு மீன் நீந்திய கோட்டைக்கு. எங்களுக்கு இரண்டாவது. “மீனுக்கு குடுத்துட்டாங்க மிஸ்” என்று பேசுகிறவள் திண்டிவனம் வரும்வரை பொருமினாள். பேசாதவள் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிபோல முகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார்ட்டைப் பள்ளி வராந்தாவில் மாட்டினோம். அந்த வாரமே பெரியப்பா வந்தார். நின்று படித்தார், தலைமையாசிரியர் அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“ஊர் மானத்த வாங்கற மாதிரி இருக்கு சார். ஜல்தியா அத்த கயட்டிடுங்க.”

தலைமையாசிரியர் யாருக்கும் ‘இல்லை’ சொல்லி நான் கேட்டதில்லை. வராந்தாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

“மாவட்ட அளவுல பரிசு வாங்கினதுங்க. நாளைக்கு மேலேருந்து விசிட் வந்து எங்கன்னு கேட்டா நான்தான் பதில் சொல்லணும். என்னால முடியாதுங்க.”

ஊருக்குப் பயப்படுவதைவிட மேலிடத்துக்கு அதிகமாகப் பயப்படுகிற மனிதர் எங்களுக்குத் தலைமையாசிரியராக வாய்த்தது அன்றைக்கு எவ்வளவு பெரிய பாக்கியம் என்று தோன்றியது. பெரியப்பா எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, “சரி, இருக்கட்டும். ஆனா பம்புசெட்டு கட்டத்துல எங்கப்பா போட்டோவையாச்சும் ஒட்டச் சொல்லுங்க” என்றார்.

நான் பெண்களைக் கேட்டேன். இருவரும் பெஞ்சில் தலையோடு தலை வைத்து யோசித்தார்கள். ஒட்டலாம், ஆனால் நான்காவது கட்டத்தில் ரோட்டில் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேர் போட்டோவும் ஒட்ட வேண்டும் என்றாள் பேசாதவள். இடம் போதாது என்றேன். இன்னொரு சார்ட் வாங்கலாம் மிஸ் என்றாள் பேசுகிறவள். அன்று மாலையே இருவரும் காலனிக்குள் வீடு வீடாகப் போட்டோ கேட்டுக் கிளம்பிவிட்டார்கள்.