தண்ணீர் வரும் நேரத்து வகுப்பு

பிள்ளைகளே, கொரோனா வந்து ஊரே மூடிக் கிடந்தபோது நீங்கள் ரெண்டு பேரும் பொடிசுகள். அக்காவின் காலேஜ் டீச்சர் பேச்சை எடுத்தாலே அப்பாவுக்கு ஏன் முகம் மாறுகிறது என்று கேட்கிறீர்கள். எழுதியே வைக்கிறேன்.

முதலில் அந்த டீச்சரும் மற்றவர்களைப் போலப் போனில் பாடம்தான் நடத்தினார். காலையில் வகுப்பு. நம் தாராவி சந்தில் தண்ணீர் வருவதும் அதே நேரம். கீழே குழாயடியில் உங்கள் அம்மா நிற்பாள். அக்கா குடத்தை இரும்பு ஏணி வழியே மேலே தூக்கி வந்து டிரம்மில் ஊற்றுவாள். நான் டிராம்பேயில் நைட் டியூட்டி வாட்ச்மேன். வந்து சேர்வதற்குள் தண்ணீர் நின்றுவிடும். அக்கா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, சுமந்தபடியே பாடம் கேட்டாள். நன்றாகத்தான் கேட்டாள்.

பிறகு டீச்சருக்குப் புது யோசனை வந்தது. பாடத்தை வீடியோவாக முன்னாலேயே அனுப்பிவிடுவார். வீட்டில் பார்த்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் பாடம் கிடையாது, கேள்வியும் பேச்சும்தான். முகம் தெரிய வேண்டும், வாய் திறக்க வேண்டும். பேசாதவர்களுக்கு அட்டெண்டன்ஸ் இல்லை. அது இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. அக்கா வீடியோவை ஒன்றுவிடாமல் பார்த்தாள். குடமும் கையுமாக முகத்தைக் காட்டிப் பேசத்தான் கூசினாள்.

என் லீவு நாளில் நான் குடம் தூக்கினேன், அவள் இயர்போன் மாட்டாமல் போனோடு வகுப்பில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் ஏன் பேசவில்லை, இப்படியே போனால் பரீட்சை கிடையாது என்று டீச்சர் எல்லார் முன்னாலும் இங்கிலீஷில் ஏசினார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். அவர் பக்கத்து மாட்டுங்காவில் குடியிருக்கும் தமிழ் அம்மா என்பதும் தெரியும். குடத்தை இறக்கிவிட்டுத் தமிழிலேயே கேட்டேன்.

"டீச்சர், தண்ணி வார நேரமாப் பாத்து கிளாஸ வச்சிருக்கிய. வேற நேரம் வைக்கப்டாதா?"

"நீங்க யாரு? கிளாஸுக்குள்ள பேரண்ட்ஸ்லாம் வரப்படாது."

"அவ அப்பன். வேற நேரம் முடியாதுன்னா, பழையபடி நீங்க பாடத்தச் சொல்லுங்க. அவ கேட்டுக்கிடுவா."

அவர் சிரித்தார். "சும்மா கேட்டுண்டே இருந்தா படிப்பு வராது சார். வீடியோவ உங்க சௌகரியத்துக்குப் பாத்துக்கலாமே. எல்லாம் உங்களுக்காகத்தான்."

"எங்களுக்காகன்னா எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

போனைப் பார்த்தேன். அக்காவை வகுப்பிலிருந்தே வெளியே தள்ளிவிட்டிருந்தார்.

"யப்பா, ஒன்ன யாரு பேசச் சொன்னா? எம் பரிச்ச போச்சுல்லா!" என்று அக்கா அழுதாள். 

அடுத்த வகுப்பு நடந்ததை உங்கள் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அக்கா இடுப்பில் குடம், கையில் போன். டீச்சர் கேள்வி கேட்டதும் குழாயடி வரிசையில் நின்றபடியே, முகத்தைக் காட்டிப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரி, "ஏ சோக்ரி, பெஹலே பானி பர், பாத் மே பாஷண்!" என்று கத்தினாள். முதலில் தண்ணீரைப் பிடி, பிரசங்கம் அப்புறம் என்று.

"எம் மக பரிச்சைக்குப் பேசுதா, நீ வாய மூடு!" என்று உங்கள் அம்மா தமிழில் திருப்பிக் கொடுத்தாள்.

இவ்வளவும் அந்த வகுப்பு முழுக்கக் கேட்டது. உடனே டீச்சர், "கேமராவ ஆஃப் பண்ணு, மத்தவாளுக்கு டிஸ்டர்பன்ஸா இருக்கு" என்றார்.

"பேசாட்டா அட்டெண்டன்ஸ் இல்லன்னீங்களே மேம். பேசி முடிச்சிட்டு ஆஃப் பண்றேன்" என்றாள் அக்கா. முடித்துவிட்டுத்தான் அணைத்தாள்.

அட்டெண்டன்ஸ் கிடைத்தது. அதற்கப்புறம் அவள் மட்டும் முகம் காட்ட வேண்டாமாம், குரல் போதுமாம். பரீட்சை எழுதினாள், பாஸும் ஆனாள். அதனால் என் கோபம் தீர்ந்துவிடுமா?

வருடக் கடைசியில் அந்தப் புது வகுப்பைப் பெருமையாகப் படம் பிடித்துக் காலேஜ் எல்லாருக்கும் அனுப்பியது. அக்கா போனில் இப்போதும் இருக்கிறது, வாங்கிப் பாருங்கள். கட்டம் கட்டமாகச் சிரிக்கிற முகங்கள். நடுவில் ஒரு கட்டம் மட்டும் கறுப்பாக இருக்கும். அதுதான் உங்கள் அக்கா.