நானூற்றுப் பன்னிரண்டின் மூச்சு

பரமசிவன் இருபத்தாறு வருடம் நூல் ஆலையில் பஞ்சு பிரித்தார். பொதியை உடைத்து, கட்டிப் பஞ்சை உதறி இயந்திரத்தின் வாயில் போடுவது அவர் வேலை. அந்தக் கூடத்தின் பஞ்சுத் தூசியில் எதிரே நிற்பவன் முகம் தெரியாது. ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது இருபது வயதுக்காரனுக்கும் புருவம் நரைத்திருக்கும். மேஸ்திரி முகத்தைப் பார்க்க மாட்டார். சட்டையில் குத்தியிருக்கும் பித்தளை வில்லையைப் பார்த்து நம்பர் சொல்லிக் கூப்பிடுவார். பரமசிவனின் நம்பர் 412.

ஆலைக்குள்ளேயே ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. பரமசிவன் அதன் வாசலை மிதித்ததில்லை. எடுக்காத லீவுக்கு ஓய்வு பெறும்போது ஆலை சம்பளம் கொடுத்தது. எடுக்காத வைத்தியமும் அப்படித்தான் சேர்ந்துகொண்டே வரும், வயதான காலத்தில் மொத்தமாகக் கிடைக்கும் என்று அவர் நம்பினார். மனைவி ஆறுமுகத்தாயிடமும் அப்படியே சொல்லி வைத்திருந்தார். 1980-இல் ஓய்வு பெற்ற அன்று ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு ஆயுள் முழுக்க இலவச வைத்தியம் என்ற முதல் வரியை வாசித்துவிட்டுப் பெட்டியில் வைத்தார். இரண்டாவது வரியை வாசிக்கவில்லை.

அடுத்த வருடமே மூச்சு வாங்கத் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. 1983-இல், சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே, ரத வீதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறுமுகத்தாய் அவரைப் பஸ்ஸில் ஏற்றி ஆலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கம்பவுண்டர் மைதீன் பாட்சா அந்த இரண்டாவது வரியை விளக்கினார். வேலையில் இருந்தபோதே தொடங்கிய நோயாக இருந்தால்தான் ஓய்வுக்குப் பிறகு வைத்தியம். அதற்கு ஆலை ஆஸ்பத்திரியின் சீட்டில் பதிவு இருக்க வேண்டும். இருந்தால் மருந்தும் உண்டு, தேவைப்பட்டால் ஆலைச் செலவில் திருநெல்வேலியில் படுக்கையும் உண்டு.

"நான் ஒருநாள்கூட இங்கன வந்ததில்ல பாய்" என்றார் பரமசிவன்.

"நல்லாருக்கு வே. நம்பரைச் சொல்லும்."

மைதீன் பாட்சா அலமாரியைத் திறந்தார். வெறும் அட்டைதான் வரும் என்று பரமசிவன் நினைத்தார். நூலால் தைத்த தடித்த கட்டு ஒன்று மேஜைமேல் விழுந்தது. டாக்டர் இங்கிலீஷில் எழுதியிருந்ததைக் கம்பவுண்டர் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். எழுபத்து மூணு மார்ச்சு, திங்கட்கிழமை, நெஞ்சு இறுக்கம். அடுத்த திங்கள், அதே இறுக்கம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே தூங்குகிறார். விடியற்காலையில் நாக்கில் துருப்பிடித்த ருசி.

ஆறுமுகத்தாய் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். உட்கார்ந்து தூங்குவது அவளுக்குத் தெரியும். துரு ருசியை அவர் அவளிடம்கூடச் சொன்னதில்லை. பத்து வருடத்துக்கு முன்னால், நெஞ்சு நன்றாக இருந்த காலத்தில், யாரோ அதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

"பெறவு என்ன போட்டுருக்கு?" என்று பரமசிவன் கேட்டார்.

"எழுபத்தாறு நவம்பர். சளியில ரத்தம். அதோட சரி, அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. நீரு எதுக்கு வே பயப்படுதீரு? இவ்வளவு எழுதியிருக்கே, ஒமக்கு எல்லாம் கிடைக்கும். வியாழக்கிழமை டாக்டர் வாராரு. இதெல்லாம் என் நோய்தான்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

பஸ் சங்கரன்கோவிலை நெருங்கும்போதுதான் அவருக்குக் காசியின் ஞாபகம் வந்தது. காசி பதிலி ஆள். யார் வரவில்லையோ அவர் நம்பரில் அன்றைக்கு வேலை பார்ப்பவன். பதிலிகளுக்கு வில்லையும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. திங்கட்கிழமைகளில் தலைவலி மாத்திரை வாங்க வேண்டும் என்று பரமசிவனின் வில்லையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவான். எழுபத்தாறு கார்த்திகையில் செத்துப்போனான். காசநோய் என்று ஊர் சொன்னது.

மறுநாள் மத்தியானம் காசியின் மனைவி கோமதித்தாயைத் தேடிப் போனார். விசைத்தறிகள் ஓடும் தெரு. அவர் நடுத்தெருவில் வரும்போது கரண்டு போனது. அத்தனை தறிகளும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த அமைதியில் அவருக்கு இருமல் வந்தது.

வீட்டுக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தவள் திரும்பவே இல்லை.

"வந்துட்டியளா? சொம்புல வெந்நி இருக்கு, குடிங்க" என்றாள்.

பரமசிவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பினாள். முகத்தில் திடுக்கிடல் எதுவும் இல்லை. "நீங்களா அண்ணாச்சி? இருமல் அவுக இருமல் மாதிரியே இருந்துச்சு" என்றாள். சொம்பில் உண்மையாகவே வெந்நீர் இருந்தது. ஏழு வருடமாக அந்தப் பழக்கத்தை விட முடியவில்லை என்றாள்.

வில்லை விஷயம் அவளுக்கு முன்பே தெரியும். உள்ளே வந்து உட்கார்ந்து, கேட்க வந்ததை அவர் கேட்டார். ரத்தம் வந்த பிறகு காசி எப்படி இருந்தான்? அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். படுக்கவே மாட்டான். ஜன்னல் கம்பியில் விரல்களைக் கோத்துக்கொண்டு, மேலே தொங்குகிறவன்போல உட்கார்ந்திருப்பான். அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது பரமசிவன் தன் கையைப் பார்த்தார். அது ஜன்னல் கம்பியில்தான் இருந்தது.

"எத்தன நாளு அப்படி இருந்தான்?"

"அது ஒங்களுக்கு எதுக்கு?" என்றாள். கம்பியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். "கையெழுத்தப் போடுங்க. அவுகளுக்கு ஒதவாதது ஒங்களுக்காவது ஒதவட்டும்."

வியாழக்கிழமை டாக்டர் குழலை நெஞ்சில் வைத்துக் கேட்டார். பிறகு சீட்டுக் கட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். சளியில் ரத்தம் வருகிறதா என்று விசாரித்தார். இல்லை என்றார் பரமசிவன். டாக்டருக்குச் சந்தோஷம். "எழுபத்தாறுல வந்திருக்கே. அப்போ இருந்ததுக்கு இப்ப எவ்வளவோ தேவலை. படுக்கையெல்லாம் வேண்டாம், டானிக் குடிங்க."

ஆறுமுகத்தாய்க்கு அடக்க முடியவில்லை. "தேவலையா? ராத்திரி முழுக்க வெளக்கப் பொருத்தி வச்சுக்கிட்டு இந்த மனுசனுக்கு மூச்சு இருக்கான்னு பாத்துக்கிட்டுக் கெடக்கேன்" என்றாள்.

பரமசிவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த நோய் காசியுடையது, வில்லை மட்டும்தான் தன்னுடையது. டாக்டர் காசியின் பதிவைக் கொண்டுவரச் சொன்னார். மைதீன் பாட்சா ஆபீஸுக்குப் போய் நான்கு வருடப் பேரேடுகளைப் புரட்டிவிட்டு வந்தார். பதிலிகளின் பெயரை எழுதும் வழக்கம் ஆலையில் இல்லை. அவர்கள் நின்ற நம்பர் மட்டும்தான் இருந்தது. காசி என்று ஓர் ஆள் அந்த ஆலைக்குள் கால் வைத்ததற்கே அடையாளம் இல்லை.

"412-க்கு மருந்து குடுத்தது நல்லா ஞாபகம் இருக்கு. மொகந்தான் ஞாபகம் இல்ல. மொகம் முழுக்கப் பஞ்சாத்தானே இருக்கும்" என்றார் கம்பவுண்டர்.

டாக்டர் கெட்டவர் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். இந்தப் பக்கங்களை அடித்துவிட்டால் பரமசிவனின் நோய் ஓய்வுக்குப் பிறகு வந்ததாகிவிடும், டானிக்கூடக் கிடையாது. அடிக்காவிட்டால் அவர் குணமாகிக்கொண்டிருப்பவர். கடைசியாக எழுதியிருப்பதைவிட நோய் முற்றினால் படுக்கைக்கு எழுதித் தரத் தடையில்லை. எதுவானாலும் சொல்லுங்கள் என்றார்.

பரமசிவன் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு திங்கட்கிழமை தோறும் பஸ் ஏறிப் போனார். காசியின் கடைசி வரிக்குக் கீழே மைதீன் பாட்சா எழுதினார்: இருமல், டானிக். இருமல், டானிக். வீட்டில் ஒவ்வொரு காலையும் வெள்ளைத் துணியில் துப்பிவிட்டு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது பரமசிவனின் வழக்கமானது. ஆறுமுகத்தாயும் பார்ப்பாள். துணி வெள்ளையாக இருந்த நாட்களில் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

1984 மாசியில் ஒருநாள் துணி சிவந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பு என்றார். பல மாதங்களுக்குப் பிறகு குரலில் தெளிவு இருந்தது. அன்றுதான் ஆறுமுகத்தாய் முதன்முறையாகத் தன் கணவரைப் பார்த்துப் பயந்தாள்.

அந்த வாரமே திருநெல்வேலியில் படுக்கை கிடைத்தது. ஜன்னல் இல்லாத மூலையாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டார். இளம் டாக்டர் ஒருவர் புதுச் சீட்டு எடுத்து, இந்த நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டார்.

பரமசிவன் மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரம் ஆனது.

"காசிக்கு நாலு, எனக்கு மூணு. ரெண்டு பேருக்கும் சேத்தா ஏழு வருசம்" என்றார்.

டாக்டர் ஏழு என்று எழுதிக்கொண்டார்.