பத்தாவது வித்தியாசம்

சரோஜா வீட்டுக்குத் தபாலில் வந்த வாரப் பத்திரிகையைத் திருடியது நான்தான். உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. ஆள் இல்லாவிட்டால் தபால்காரர் கிரில் கதவு வழியாக உள்ளே போட்டுவிட்டுப் போவார். ஒருநாள் கம்பிக்குள் கைவிட்டு எடுத்துவிட்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். எனக்குத்தான் கேட்க வாய் வராதே... கேட்பதைவிடத் திருடுவது சுலபமாக இருந்தது!

கடைசிப் பக்கத்தில் இரண்டு படங்கள். பத்து வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும். சரோஜா வாராவாரம் ஒன்பதோடு நின்றுவிடுவாள். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். ஓட்டையும் விட்டுப்போன தையலும் தேடியே பழகிய கண். பத்தாவது, படத்தில் இருந்தவனின் சட்டைக் காலரில் இருந்தது. ஒரு தையல் கோடு குறைவு. கூப்பனை வெட்டி என் பெயரில் அனுப்பினேன்.

சரோஜா தபால்காரரை வாசலில் நிறுத்திவிட்டாள்.

"ஊட்டுக்குள்ள கெடக்கறத எடுத்தா ஏழு வருசம் வரைக்கும் ஜெயிலுங்க. எங்க ஊட்டுக்காரரு கோர்ட்டு குமாஸ்தா, அவருக்குத் தெரியாதுங்களா?"

"நான் போட்டனுங்க அம்மிணி. நாயி கீயி தூக்கிட்டுப் போயிருக்குமுங்க" என்றார் அவர்.

அந்த நாய் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

சில வாரம் கழித்து சரோஜாவே புதுப் பத்திரிகையோடு ஓடிவந்தாள்.

"அக்கா, பத்தும் சரியா எழுதுனது நீங்க ஒருத்தர்தானாமுங்க. பட்டுச்சேலை பரிசாமுங்க. புக்கு எங்கீங்க கெடச்சுது? எனக்கு அந்த வாரந்தான் வரலயே."

"கம்பெனியில ஒருத்தி குடுத்தாளுங்க."

அச்சில் என் பெயர்! எட்டாவதோடு பள்ளியை விட்டவளின் பெயர்... செக்கிங் டேபிளில் தலை நிமிராத நான் மறுநாள் அந்தச் சேதியை நானே எல்லோருக்கும் சொன்னேன். சூப்பர்வைசர் கைதட்டினார். குற்ற உணர்ச்சி இல்லையா என்கிறீர்களா? இருந்தது. சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. உங்களிடமும் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இப்போதெல்லாம் பத்திரிகை வந்ததும் சரோஜா முதலில் என்னிடம்தான் கொண்டு வருகிறாள்.

"ஒருதடவையாச்சும் நானும் ஜெயிக்கோணுமுங்க. பாத்துச் சொல்லுங்கக்கா."

ஒன்பதைத் தொட்டுக் காட்டுகிறேன்.

"இன்னொன்னு எங்கீங்க?"

"தெரியலயே கண்ணு..."

எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாரமும் தெரியும். சொன்னால் அவள் பெயரும் அச்சில் வந்துவிடும்.

சொல்வதில்லை.